சருகின் மேல் நடக்கும் குருவி

மீன்கொத்தியையும் மாங்குயிலையும் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லிவிடலாம், நிறமே காட்டிக்கொடுத்துவிடும். பறவை நோக்குவதில் ஒருவருக்கு உண்மையான தேர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் அவரைப் பழுப்பு நிறப் பறவைகளிடம்தான் அழைத்துப் போக வேண்டும். அவற்றிலும் காட்டு நிழலில் சருகோடு சருகாகத் திரிந்து, தரையிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் சிறிய பாடும் பறவைகள்தான் கடினமான தேர்வு. அந்தக் கூட்டத்தில் என் மனம் முதலில் போய் நிற்பது வட அமெரிக்காவின் ஓவன்பேர்ட் மீதுதான். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் தொடங்கிக் கனடாவின் ஆல்பர்ட்டா வரை, மேப்பிளும் ஓக்கும் பீச்சும் அடர்ந்த காடுகளில் கோடையில் இனம் பெருக்கி, குளிர்காலத்தில் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகள் என்று வலசை போகும் பறவை இது. சுமார் 14 சென்டிமீட்டர் நீளம், ஏறக்குறைய 20 கிராம் எடை. பழைய காலத்து ரொட்டி அடுப்பைப் போலக் கூரை வைத்த கூடு கட்டுவதால் வந்த பெயர். தமிழில் அடுப்புக்குருவி என்று வைத்துக்கொள்வோம். (தென் அமெரிக்காவில் மண்ணால் கூடு கட்டும் வேறொரு குடும்பத்துக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு, அதற்கும் இதற்கும் உறவில்லை.) இந்தக் குருவியை முன்வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஒரு பறவையை அடையாளம் காண்பது என்பது அதன் உடலில் ஒரு குறியைத் தேடிப் பிடிப்பதோடு முடிகிற வேலை அல்ல. அது எப்படி நடக்கிறது, யாரோடு பாடுகிறது, எங்கே முட்டையிடுகிறது என்பதையெல்லாம் சேர்த்துப் படிக்கத் தெரிந்தால்தான் அடையாளம் முழுமையாகிறது. குறியை மட்டும் நம்பியவர்கள், அதிலும் பெரிய பெயர் பெற்றவர்களே, இந்தக் குருவியிடம் எப்படி ஏமாந்தார்கள் என்பதற்குச் சான்று இருக்கிறது.

உடலிலிருந்தே தொடங்கலாம். மேல்பக்கம் ஆலிவ் சாயல் ஏறிய பழுப்பு. சிறகில் பட்டைகள் இல்லை. அடிப்பக்கம் வெள்ளை, அதில் மார்பிலும் விலாவிலும் கரும்பொட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்துக் கீற்றுகளாக இறங்குகின்றன. கண்ணைச் சுற்றி அறுபடாத வெள்ளை வளையம், அதனால் முகத்தில் எப்போதும் ஒரு திகைத்த பார்வை. உச்சந்தலையில் ஆரஞ்சுப் பட்டை, அதன் இருபுறமும் கரை கட்டிய கருங்கோடுகள். கால்கள் வெளிறிய ரோஜா நிறம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பார்வையில் வேறுபாடு கிடையாது. இத்தனையும் கையில் இருந்தால் அடையாளம் காண்பதில் என்ன சிரமம் என்று தோன்றும். ஆனால் இவற்றைக் கையில் வைத்திருந்தவர்களே தடுமாறியிருக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டில் இயற்கையியலாளர் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் இதைத் தங்க உச்சிப் பூங்குருவி என்று பதிந்தார். மார்பில் பொட்டுகள், பழுப்பு முதுகு, தரையில் வாழும் பறவை என்றால் பூங்குருவி என்று நினைப்பது இயல்புதான்; அந்தப் பெயர் 19ஆம் நூற்றாண்டு முழுக்க நிலைத்தது. 1766இல் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டியபோது, வாலாட்டிகளோடு வேறு பல சிறு பறவைகளையும் அடைத்து வைத்திருந்த மோட்டசில்லா என்ற பேரினத்தில் இதைப் போட்டார். உண்மையில் இது வார்ப்ளர் குடும்பம்: மரக்கிளைகளில் மஞ்சளும் நீலமுமாகத் துள்ளித் திரியும், ஐம்பதுக்கும் மேற்பட்ட வட அமெரிக்க இனங்களின் உறவு. 2010இல் வெளிவந்த மரபணு ஆய்வு இன்னும் ஒரு படி போனது. அந்தக் குடும்பத்தின் மற்ற இனங்கள் அனைத்தும் ஒரு கிளை, அடுப்புக்குருவி மட்டும் அவற்றுக்கு முன்பே தனியாகப் பிரிந்த இன்னொரு கிளை என்று காட்டியது. நிறத்தையும் பொட்டுகளையும் வைத்து இதை யாராலும் ஊகித்திருக்க முடியாது.

நிறக்குறிகளுக்கு ஆதரவாக வலுவான குரல் ஒன்று உண்டு. 1934இல் ரோஜர் டோரி பீட்டர்சன் வெளியிட்ட கள வழிகாட்டி நூல், பறவையைச் சுட்டுக் கையில் எடுத்துப் பெயர் சொன்ன பழைய வழக்கத்துக்கு மாற்றாக, ஒவ்வோர் இனத்துக்கும் தூரத்திலிருந்தே தெரியக்கூடிய குறிகளைச் சிறு கோடு போட்டுச் சுட்டிக் காட்டியது. லட்சக்கணக்கானவர்களைப் பறவைகளிடம் கொண்டுவந்து சேர்த்த முறை அது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. அந்தக் கோடுதானே போதும், நடத்தை எதற்கு என்று கேட்கலாம். போதாது என்பதற்குக் காரணம் காட்டின் வெளிச்சம். மே மாத இறுதியில் மேப்பிள் இலைகள் முழுதாக விரிந்த பிறகு தரையில் இருப்பது பச்சை கலந்த அரை இருட்டு. அதில் ஆரஞ்சு உச்சி, மங்கிய பழுப்புதான். பறவை தலையைச் சற்று நிமிர்த்திவிட்டால் பட்டை கண்ணிலேயே படாது. ஆனால் அதே அரை இருட்டில் நடை தெரியும். சிறு பறவைகளில் பெரும்பாலானவை தரையில் இரண்டு கால்களையும் சேர்த்துத் தத்திப் போகும். பூங்குருவிகள் சில எட்டு ஓடி, சட்டென்று நிமிர்ந்து நின்று, மறுபடி ஓடும். அடுப்புக்குருவி நடக்கிறது. உடலைத் தரைக்கு இணையாக வைத்து, கால் மாற்றிக் கால் வைத்து, ஒவ்வோர் அடிக்கும் தலை முன்னே போய்வர, வாலைக் கொஞ்சம் தூக்கி மெல்ல இறக்கி, விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவசரமில்லாமல் போகிறது. நின்று ஒரு சருகை அலகால் புரட்டும், அடியில் ஒரு வண்டோ எறும்போ சிலந்தியோ இருந்தால் எடுத்துக்கொள்ளும், மறுபடி நடக்கும். இதன் நெருங்கிய தோற்றம் கொண்ட வாட்டர்த்ரஷ் என்ற பறவையும் நடக்கும்தான். ஆனால் அது ஓடைக்கரையை விட்டு விலகாது, பின்னுடலை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும், கண்வளையத்துக்குப் பதில் வெளிர் புருவம் தீட்டியிருக்கும். கனெக்டிகட் வார்ப்ளரும் நடக்கும், அதற்கும் வெள்ளைக் கண்வளையம் உண்டு, அதற்கு வயிறு மஞ்சள். பீட்டர்சனே தம் நூலில் இந்தக் குருவி சருகின் மேல் நடப்பதைச் சொல்லாமல் விடவில்லை. ஆகவே நடத்தையையும் ஒரு குறியாகக் கொள்ளச் சொல்வது அவருடைய முறைக்கு எதிரானது அல்ல. அவர் தொடங்கியதன் தொடர்ச்சிதான்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். நிறம் ஏமாற்றும் என்றால் நடத்தையும் ஏமாற்றாதா? ஒரே மாதிரியான வாழிடம் தொடர்பே இல்லாத பறவைகளுக்கு ஒரே மாதிரியான பழக்கத்தைக் கொடுத்துவிடுமே? கொடுக்கும். அதற்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலேயே அழகான உதாரணம் இருக்கிறது: புள்ளிச் சிலம்பன். பழுப்பு மேல்பக்கம், வெள்ளை அடிப்பக்கத்தில் கருங்கீற்றுகள், நிறம் ஏறிய உச்சந்தலை, வெளிர் ரோஜாக் கால்கள். சருகைக் கிளறிப் பூச்சி தேடுகிறது. புதரடியில், தரையில், இலைகளால் கூரை வைத்துப் பக்கவாட்டில் வாசல் விட்டுக் கூடு கட்டுகிறது. அடுப்புக்குருவிக்கு எழுதிய குறிப்பைக் கொஞ்சம் மாற்றி இதற்கு வைத்துவிடலாம்; ஆனால் ஒன்று அமெரிக்க வார்ப்ளர், மற்றொன்று ஆசியச் சிலம்பன், இரண்டுக்கும் இடையே உறவு மிகத் தொலைவு. இது என் வாதத்தைக் கவிழ்க்கிறதா? இல்லை என்பேன். இந்த ஒற்றுமையே நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது: சருகுத்தரையில் வாழ்கிற சிறு பறவைக்கு என்ன உடை வேண்டும், என்ன வீடு வேண்டும் என்பதைக் கணிசமாகத் தரையே தீர்மானிக்கிறது. மேலிருந்து பார்க்கும் எதிரிக்குச் சருகாகத் தெரிய பழுப்பு முதுகு. நிழலும் வெயில் துளியும் கலந்த இடத்தில் உடலின் வடிவத்தை உடைக்க மார்புக் கீற்று. மழைக்கும் கண்ணுக்கும் மறைவாகக் கூரை. ஒற்றைப் பழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் ஏமாறுவோம். நடை, பாட்டு, கூடு, துணையோடு நடந்துகொள்ளும் விதம் எல்லாம் ஒருங்கே ஒத்துப்போகிற இரண்டாவது பறவை கிடையாது. புள்ளிச் சிலம்பன் இனப்பெருக்கம் இல்லாத மாதங்களில் சிறு கூட்டமாகத் திரியும், அடுப்புக்குருவி தனியாள். புள்ளிச் சிலம்பன் இருந்த காட்டிலேயே ஆண்டு முழுதும் இருக்கும்; அடுப்புக்குருவி ஆண்டுக்கு இரண்டு முறை இரவு வானில் கடலைக் கடக்கும்.

பாட்டுக்கு வருவோம், ஏனென்றால் இந்தக் குருவியைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். ஜான் பரோஸ் 1871இல் வெளியிட்ட தமது முதல் இயற்கை நூலான ‘வேக் ராபின்’ இல் இதன் குரலை ‘டீச்சர், டீச்சர், டீச்சர்’ என்று எழுத்தில் பிடித்தார். இன்றும் அமெரிக்கக் குழந்தைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் பாட்டின் உயிர் அந்தச் சொல்லில் இல்லை, அது ஏறும் விதத்தில் இருக்கிறது. முதல் ‘டீச்சர்’ காதில் விழுந்தும் விழாததுமாக இருக்கும். அடுத்தது கொஞ்சம் பலமாக, அதற்கடுத்தது இன்னும் பலமாக, மூன்று நான்கு நொடிகளுக்குள் காடே அதிர்கிற உரப்பில் போய், இறங்காமல் உச்சியிலேயே அறுந்து நிற்கும். சுருதி ஏறுவதில்லை, உரப்பு மட்டுமே ஏறுகிறது. அதனால் பறவை ஒரே கிளையில் உட்கார்ந்திருக்க, நம்மை நோக்கி ஓடி வருவதாகக் காது நம்பிவிடுகிறது. சில வட்டாரங்களில் இரண்டசை ஓரசையாகச் சுருங்கி ‘டீச், டீச்’ என்றே கேட்கும். அழுத்தம் முதல் அசையிலா இரண்டாவதிலா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே சொல்லை மனப்பாடம் செய்தவர் வேறு ஊரில் தடுமாறுவார். ஏற்றத்தைக் கேட்கப் பழகியவர் தடுமாறமாட்டார். நுட்பம் இன்னும் இருக்கிறது. பாடுவது ஆண் மட்டுமே. ஒவ்வோர் ஆணுக்கும் இந்த வகையில் ஒரே ஒரு பாட்டு, தன் வாழிடத்தில் அதையே திரும்பத் திரும்பப் பாடும். பக்கத்து எல்லையிலுள்ள ஆண், இவன் முடித்த கணத்தில் தொடங்கும். அவன் முடிக்க இவன் காத்திருப்பான். ஒருவர் பாட்டின் மேல் மற்றவர் விழுவது அபூர்வம். இப்படியே நாற்பது பாட்டு வரைகூட மாற்றி மாற்றிப் போகும். பழகாத காதுக்கு ஒரு பறவை விடாமல் பாடுவதாகத்தான் படும். ஜூடித் வீடனும் புரூஸ் ஃபால்ஸும் 1959இல் வெளியிட்ட சோதனை இந்தத் துறையில் ஒரு மைல்கல். பதிவுசெய்த பாட்டுகளை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். பழகிய அண்டைவீட்டு ஆணின் பாட்டைக் கேட்டு அவ்வளவாகச் சீறாத குருவி, தொலைவிலிருந்த அந்நிய ஆணின் பாட்டைக் கேட்டதும் கடுமையாக எதிர்த்தது. மனிதர் ஓர் இனத்தின் பெயரைச் சொல்லத் திணறும் இடத்தில், அந்தக் குருவி ஒவ்வொருவரையும் ஆள் தெரிந்து வைத்திருக்கிறது.

இந்தக் கலையில் தோற்றவர்களில் மிகவும் மதிக்கத்தக்கவர் ஹென்றி டேவிட் தோரோ. மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊரைச் சுற்றியுள்ள காடுகளை அவரைப் போல் நடந்து அளந்தவர் இல்லை. அவருடைய நாட்குறிப்புகளில் இரவு வார்ப்ளர் என்று அவர் பெயரிட்ட ஒரு மர்மப் பறவை திரும்பத் திரும்ப வருகிறது. அந்தியிலும் இரவிலும் மரங்களுக்கு மேலே எழும்பி, வேகமாகக் கொட்டுகிற ஒரு பாட்டைப் பாடிவிட்டு, முகம் காட்டாமல் புதருக்குள் பாய்ந்துவிடும். 1854இல் தொலைநோக்கி வாங்கியும் அவரால் அதைப் பிடிக்க முடியவில்லை. அவர் 1862இல் இறந்த பிறகு நண்பர் எமர்சன் எழுதிய நினைவுக் கட்டுரையில் இந்தப் பறவை இடம்பெறுகிறது: பன்னிரண்டு ஆண்டுகளாக தோரோ அதைத் தேடினார் என்றும், அதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொண்டுவிட வேண்டாம், பிறகு வாழ்க்கை காட்டுவதற்கு எதுவும் மிஞ்சாது என்று தாம் எச்சரித்ததாகவும் எமர்சன் எழுதினார். அந்த இரவுப் பாடகர் பெரும்பாலும் நம் அடுப்புக்குருவிதான். பகலில் கிளையில் உட்கார்ந்து ‘டீச்சர்’ பாடுகிற அதே ஆண், அந்தியில் மேலே பறந்து, குழறலும் சீழ்க்கையுமாக முற்றிலும் வேறு பாட்டு ஒன்றைக் கொட்டும். தோரோ அந்தக் குருவியை அறியாதவர் அல்ல. 1853 ஜூனில் அதன் கூட்டையே கண்டு, தாய் பறக்காமல் எலியைப் போலச் சருகினூடே ஓடிப் போனதை நாட்குறிப்பில் எழுதியவர். பகலில் காலடியில் தெரிந்தவனை இரவில் தலைக்கு மேல் அந்நியனாகத் தேடிக்கொண்டிருந்தார். பரோஸ் தமது நூலில் குருவியின் பறந்தபடி பாடும் பாட்டை விவரித்ததோடு, தோரோவின் மர்மப் பறவை அவர் ஏற்கெனவே பழகிய பறவையாகத்தான் இருக்க வேண்டும் என்ற சந்தேகத்தையும் சொல்லிவிட்டார். துப்பு பாட்டிலேயே இருக்கிறது. அந்த வேகக் கொட்டலின் நடுவே பகல் பாட்டின் துண்டு ஒன்று, ஓரிரு ‘டீச்சர்’, அடையாளம் மறையாமல் வந்து போகும். இந்தப் பறவைக்கு இந்தப் பாட்டு என்று ஒன்றுக்கு ஒன்றாக முடிச்சுப் போட்டு வைத்ததுதான் தோரோவை மறித்தது என்று நினைக்கிறேன். ஒரு நாள் முழுவதையும் ஒரே பறவையின் நாளாகத் தொடர்ந்திருந்தால் அந்த நடுத்துண்டு அவர் காதில் சிக்கியிருக்கும்.

எமர்சனின் எச்சரிக்கையை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. பெயர் தெரிந்த கணத்தில் வியப்பு வடிந்துவிடும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பறவைக்கு ஓடும் பறவை நோக்கர்களைப் பார்த்தால் அந்த அச்சத்தில் நியாயம் இருப்பதாகவே படும். ஆனால் நடந்த வரலாறு வேறு சொல்கிறது. இரவுப் பாட்டு யாருடையது என்று தெரிந்த பிறகுதான் கேள்விகளே பிறந்தன. ஒரே பாட்டை வைத்துக்கொண்டு எல்லை காக்கும் ஆணுக்கு, அந்தியில் மட்டும் இத்தனை சிக்கலான இன்னொரு பாட்டு எதற்கு? அதை அவன் யாருக்காகப் பாடுகிறான்? ஏன் தன் பகல் பாட்டையும் அதில் செருகுகிறான்? பெயர் இல்லாத மர்மத்திடம் இந்தக் கேள்விகளைக் கேட்கவே முடியாது. வியப்பை வடித்துவிடுவது பெயர் அல்ல, பெயரோடு நின்றுவிடும் வழக்கம். இதே தராசில் இன்றைய கைப்பேசிச் செயலியையும் வைத்துப் பார்க்கலாம். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி 2021 முதல் ஒலியைக் கேட்டே பறவையின் பெயரைத் திரையில் காட்டுகிறது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அது பெரிய வரம். வயதால் கேட்கும் திறன் குறைந்தவர்களுக்கு அது மீண்டும் திறந்த கதவு. நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் அது விடுகிற இடம் பெரியது. திரையில் பெயர் ஒளிரும்போது பாடியது ஓர் ஆணா, முறை வைத்துப் பாடும் இரண்டு ஆண்களா என்பது தெரிவதில்லை. பாடாத பெண் அந்தச் செயலிக்கு இல்லவே இல்லை. இந்தக் குருவியின் வாழ்க்கையில் மிக நுட்பமான வேலை முழுவதையும் செய்கிறவள் அவள்.

கூட்டைப் பெண் தனியாகக் கட்டுகிறாள். இடம் தேர்ந்ததும் முதல் வேலை, சருகை விலக்கித் தரையில் வட்டமாக ஒரு சிறு திடலை ஒழிப்பது. அந்த இடத்தில் காய்ந்த இலை, புல், தண்டு, மரப்பட்டைத் துணுக்கு என்று சேர்த்துச் சேர்த்துப் பின்னிச் சுவர் எழுப்புகிறாள். சுவர் எழும்பி உள்நோக்கி வளைந்து கூரையாகிறது. பக்கத்தில் தாழ்வான நீள்வட்ட வாசல். உள்ளே, முட்டை படும் இடத்தில் மட்டும், மான் அல்லது குதிரை முடி போன்ற மென்மையான பொருள். சுமார் ஐந்து நாளில் வேலை முடியும். கடைசியாக அவள் செய்வதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தளர்ந்த இலைகளையும் சுள்ளிகளையும் கூரை மேல் போடுகிறாள், கட்டிய கைவேலை தெரியாமல் போகும்வரை. தூக்கணாங்குருவியின் கூட்டைக் கைவினை என்று கொண்டாடுகிற கண்ணுக்கு இது கூடாகவே படாது, இதுதான் இந்தக் கைவினையின் வெற்றி. முட்டைகள் பெரும்பாலும் நான்கோ ஐந்தோ, வெள்ளையில் செம்பழுப்புப் புள்ளிகள். அடைகாப்பதும் அவள் மட்டுமே, ஏறக்குறைய பன்னிரண்டு நாள். கூட்டுக்கு நேராகப் பறந்து வரமாட்டாள். தள்ளி எங்கோ இறங்கி, சருகில் நடந்தே வாசலுக்கு வருவாள், போகும்போதும் அப்படியே. மனிதக் கால் கிட்டே வந்தால் கடைசிக் கணம்வரை அசையாமல் இருந்து, பிறகு வாசலிலிருந்து நழுவி, சிறகு ஒடிந்தவளைப் போலத் தரையில் புரண்டு, நம்மைக் கூட்டிலிருந்து விலக்கி இழுத்துப் போகப் பார்ப்பாள். குஞ்சுகள் பொரித்த எட்டாம் நாள் வாக்கிலேயே, பறக்கத் தெரியாத நிலையில், கூட்டை விட்டுத் தத்தி வெளியேறுகின்றன. சிப்மங்க் என்னும் சிறு வரி அணிலும் பாம்பும் நீலக் காகமும் மோப்பம் பிடிக்கும் தரையில், எல்லாக் குஞ்சுகளும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து. பெற்றோர் குஞ்சுகளைப் பங்கு பிரித்துக்கொண்டு தனித்தனியே வளர்க்கிறார்கள். ஹாரி ஹான் தெற்கு மிச்சிகனில் பறவைகளுக்கு வளையமிட்டு, ஆள் ஆளாகத் தொடர்ந்து, 1937இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறுதான் இவற்றில் பலவற்றுக்கும் அடித்தளம். நடை பற்றிப் பேசினேனே, அதன் பொருளும் இங்கேதான் துலங்குகிறது. இந்தக் குருவி நடப்பது உணவு தேடுவதற்கு மட்டுமல்ல. பறந்து வந்தால் கூட்டைக் காட்டிக்கொடுத்துவிடும் ஒரு தாய், நடந்தே வீட்டை மறைக்கிறாள்.

இத்தனை நெருக்கமாகப் பார்ப்பதே பறவைக்குத் தீங்கில்லையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சரியான கேள்வி. சருகில் மறைந்த கூட்டைத் தேடிப் போகும் கால் அதை மிதித்துவிடலாம். விரட்டப்பட்ட தாயைப் பார்த்து எதிரி வழி தெரிந்துகொள்ளலாம். என் பதில், பழக்கங்களைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கூட்டருகே போகத் தேவையே இல்லை என்பதுதான். அலகில் புழுவோடு ஒரு பறவை இறங்கி, விழுங்காமல் நடக்கத் தொடங்கினால், வீடு அந்தத் திசையில் இருக்கிறது. அங்கேயே நின்றுவிடலாம், பிறகு பின்வாங்கிவிடலாம். பாதிப்பு மிகுதியாக வருவது குறி தேடிகளிடமிருந்து. ஆரஞ்சு உச்சியை ஒருமுறை பார்த்துவிடவோ படம் எடுத்துவிடவோ கைப்பேசியில் பாட்டை ஒலிக்கவிட்டு ஆணை வெளியே வரவழைக்கிறார்கள். வீடனும் ஃபால்ஸும் காட்டியதை நினைத்துப் பார்த்தால் அது என்ன செய்கிறது என்பது விளங்கும்: எங்கோ பதிவான அந்நிய ஆணின் குரல் தன் வீட்டு நடுவில் கேட்கிறது. அவன் உணவு தேடுவதை விட்டு, இல்லாத எதிரியோடு சண்டைக்குத் திரிகிறான். இருபது கிராம் எடையுள்ள உடலுக்கு அந்த நேரம் சும்மா வரவில்லை.

பாட்டைக் கேட்டுப் பறவை இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போவதில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று காத்திருக்கிறது. ஆண் பாடுவது அவன் இருக்கிறான் என்பதற்குச் சான்று. அவனுக்குத் துணை கிடைத்தது என்பதற்கு அல்ல. ஆல்பர்ட்டாவின் வடகாட்டில் செய்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், எரிவாயுவை அழுத்தி அனுப்பும் இயந்திர நிலையங்களின் ஓயாத இரைச்சலுக்கு அருகே பாடிய ஆண்களில் 77 சதவீதத்தினருக்குத்தான் துணை அமைந்தது. இரைச்சல் இல்லாத எரிவாயுக் கிணற்றுத் திடல்களுக்கு அருகே 92 சதவீதம். காட்டை வெட்டித் திறந்த அளவு இரண்டு இடத்திலும் ஒப்பிடத்தக்கதே, வேறுபாடு ஒலியில். இரைச்சலருகே கிடைத்த ஆண்களில் முதல்முறை இனம் பெருக்க வந்த இளையவர்கள் அதிகம் என்பதும் தெரிந்தது; அனுபவமுள்ளவர்கள் அமைதியான இடங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஏறும் பாட்டு பெண்ணின் காதுவரை சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும்; சேராவிட்டால் அவன் எத்தனை அழகாகப் பாடினாலும் வீணே. அங்கே ஒரு செயலியை நீட்டினால் அடுப்புக்குருவி என்று சரியாகத்தான் சொல்லும். துணையில்லாமல் பாடுகிற அடுப்புக்குருவி என்று சொல்ல, அலகில் இரையோடு நடப்பவள் ஒருத்தி இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் வேண்டும்.

பறவையைப் பாராமலே, தரையை மட்டும் பார்த்து அது அங்கே இருக்காது என்று சொல்லிவிடுவதுதான் இந்தக் கலையின் உச்சம் என்பேன். பனியுகப் பனிப்பாளங்கள் மூடியிருந்த மின்னசோட்டா, விஸ்கான்சின் வடபகுதிக் காடுகளில் இயல்பாக மண்புழுக்களே கிடையாது. அதனால் உதிர்ந்த இலைகள் மெல்ல மெல்ல மக்கி, ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகத் தங்கி, மெத்தென்ற சருகுத்தளமாகக் கிடக்கும். ஐரோப்பியர் கொண்டுவந்த மண்ணோடும் செடியோடும், பிறகு தூண்டில் இரையாகவும் வந்து சேர்ந்த ஐரோப்பிய மண்புழுக்கள் அந்தத் தளத்தைத் தின்றுவிடுகின்றன. தோட்டத்துக்கு நண்பன் என்று நாம் பள்ளியில் படித்த மண்புழு அங்கே வேறு ஆள். 2011இல் வெளியான ஆய்வு, புழுக்கள் ஆக்கிரமித்த சர்க்கரை மேப்பிள் காடுகளில் அடுப்புக்குருவிகள் குறைவு என்றும், அவற்றின் கூடுகள் தப்பிப் பிழைப்பதும் குறைவு என்றும் காட்டியது. மேலே மரங்கள் அப்படியே நிற்கின்றன. படம் எடுத்தால் காடு பசுமையாகத்தான் தெரியும். ஆனால் கீழே வெறும் கறுப்பு மண். நடந்து புரட்டுவதற்குச் சருகு இல்லை, சருகடியில் பூச்சி இல்லை, கூரை மேல் போட்டுக் கூட்டை மறைக்க இலை இல்லை. கண்வளையத்தையும் ஆரஞ்சு உச்சியையும் மட்டும் தெரிந்துவைத்திருப்பவர் அந்தக் காட்டில் மணிக்கணக்காகக் காத்திருப்பார். கூடு எதனால் கட்டப்படுகிறது என்று தெரிந்தவர் குனிந்து ஒரு பிடி மண்ணைப் பார்த்துவிட்டு, அடுத்த மேட்டுக்கு நடப்பார். அந்தப் பகுதிகளில் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம், மிஞ்சிய புழுக்களைக் கரையோரக் காட்டில் கொட்டாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள் என்று இப்போது கேட்டுக்கொள்கிறார்கள்.